பூஜை அறையில் ஒரு பழைய கடல்



பாகம் பிரிக்கும்போதும் அபார்ட்மெண்டுக்குக் குடிபோகும்போதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: "தாத்தா வைத்திருந்த சாளக்கிராமத்தை என்ன செய்வது? தினமும் பூஜை செய்ய முடியவில்லை, ஏரியில் விட்டுவிடலாமா?"

விட வேண்டாம் என்பது என் கருத்து.

சாளக்கிராமம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக் கல்லுக்குள் இருப்பதோ ஒரு கடல் உயிரின் கூடு. அதன் பெயர் அம்மோனைட்; கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் கடலின் அடிச்சேற்றில் புதைந்தது. அதைச் சுற்றிச் சேறு இறுகி உருண்டையானது. பிறகு இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி, கடலடி இமயமாக எழுந்தது. ஆறு அந்த மலையை அரித்து, உருண்டையை உருட்டி, முனையெல்லாம் தேய்த்துக் கரையில் போட்டது.

உங்கள் வீட்டுக் கல்லை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துவாரத்துக்குள் சுருள் தெரியும். உள்ளிருந்து வெளியே வர வர அது சீராக அகலமாகும். குறுக்கே விலா எலும்புபோல் வரிகள் ஓடும். நாம் சக்கரம் என்று வணங்குவது இதைத்தான். வஜ்ரகீடம் என்ற பூச்சி குடைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓர் உயிரின் வேலை இது என்று அவர்களும் கண்டுகொண்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். உளியால் வெட்டிய போலியில் கோடுகள் ஒரே ஆழத்தில் இருக்கும், சுருள் சீராக விரியாது.

"தேய்ந்துபோயிருக்கிறது, உடைந்திருக்கிறது" என்று குறைப்பட வேண்டாம். அம்மோனைட்டின் மேலோடு போனால்தான் உள்ளறைச் சுவர்களின் விளிம்பு, இலை நரம்புபோல் வெளியே தெரியும். முழுசாக இருக்கும் கூடு காட்டாததைத் தேய்ந்தது காட்டும். உடைந்தாலும் பூஜைக்கு ஆகும் என்பதுதான் மரபும்.

"சாமியைப் போய் நத்தைக் கூடு மாதிரி பேசுகிறாயே" என்று அக்கா, அத்தைமார் கோபிக்கலாம். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லையே! பதினைந்து கோடி வருஷத்தைக் கையில் ஏந்துகிறோம் என்று தெரிந்தால் பக்தி குறையுமா, கூடுமா?

நம் ஜூஜுவாடி, ஓசூர் பக்கத்துப் பாறையில் இதைத் தேடாதீர்கள். இது சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. ஓடுள்ள உயிர்கள் தோன்றும் முன்பே உருவானது. தமிழ்நாட்டு அம்மோனைட்டைப் பார்க்க அரியலூர், பெரம்பலூர் பக்கம் போங்கள். 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் தென்னிந்தியக் கடல் புதைபடிவங்களை விவரித்து எழுதியிருக்கிறார். காரைக்குப் போகிறவர்கள் போட்டோ எடுங்கள், பொறுக்கி வராதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வெறும் மண்தான்.

வீட்டில் இருப்பதற்கு எண்ணெய், ஆசிட், பாலிஷ் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பூஜை முடியாதவர்கள் கோயிலிலோ, செய்யக்கூடிய உறவினரிடமோ கொடுங்கள். கொடுக்கும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உள்ளே டார்ச் அடித்துக் காட்டுங்கள்.