விருதுக்கும் மறுபத்தியம் வேண்டும்!

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஒரு அப்பத்தா, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனுக்கு ஏழு வயசு. ஒட்டிய கன்னம், உப்பிய வயிறு, வெளுத்த கண்ணிமை.

"வைத்தியரய்யா, புள்ளைக்கு மறுபடியும் பூச்சித் தொல்ல. ராத்திரியில பல்லை நறநறன்னு கடிக்கிறான்."

இது அவனுக்கு மூன்றாவது முறை! சூரணத்தை மடித்துக்கொண்டே, "வீட்டுல கக்கூஸ் இருக்கா ஆத்தா?" என்று கேட்டேன்.

"இருக்கே... அதுலதான் வெறகு அடுக்கியிருக்கோம்" என்றார் சர்வ சாதாரணமாக.

எந்த ஊர் என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. சுகாதாரத்துக்காக விருது வாங்கி, அதைப் பெரிய எழுத்தில் பலகை எழுதி வைத்திருக்கும் ஊர் அது. புதுக்கோட்டையிலிருந்து போகிற வழியில் நானே எத்தனையோ தடவை அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

'ஆரோக்கியப் பத்திரிகையில் விருதைப் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொக்கிப்புழு மண்ணில் வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? ஊர் வெளியே காலைக்கடன் கழிக்கிற வரைக்கும், நான் கொடுக்கும் மருந்து ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

ஊராட்சிகளை ஊக்குவிக்க, மத்திய அரசு 2003-ல் 'நிர்மல் கிராம் புரஸ்கார்' என்ற விருதை அறிவித்தது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை அடியோடு ஒழித்த ஊராட்சிகளுக்கு அப்போது விருதும் பணமும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். விருது ஆசையில் ஊர் ஊராகக் கழிப்பறைகள் எழும்பின. ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகக் கிராமங்களில் வீட்டோடு கழிப்பறை உள்ளவை நூற்றுக்குச் சுமார் 23 வீடுகள்தான் என்று வந்தது! கட்டியவற்றிலும் தண்ணீர் வசதி இல்லாதவை, குழி நிறைந்தவை, விறகு அடுக்கியவை எத்தனையோ!

சித்த மருத்துவத்தில் 'மறுபத்தியம்' என்று ஒன்று உண்டு. பெருமருந்து சாப்பிடும் நாட்களில் பத்தியம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மருந்து முடிந்த பிறகும், மருந்து உண்ட அதே அளவு நாட்களுக்கு மறுபடி பத்தியம் காக்க வேண்டும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஆசிரியர்கள் இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்து முடிந்த மறுநாளே கருவாட்டுக் குழம்பில் கை வைத்தால், உண்ட மருந்து வீண். நம் ஊராட்சிகள் விருது வாங்கிய மறுநாளே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிடுகின்றன!

இதே மாவட்டம் வேறொன்றையும் பார்த்திருக்கிறது. 1991-92-ல் நடந்த அறிவொளி இயக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர வழி செய்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் பெடல் மிதித்தார்கள். கேலி பேசிய ஆண்களுக்கும் குறைவில்லை. இதைப் பார்த்த யுனிசெஃப் நிறுவனம், அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட்டுகள் கொடுத்தது. அலமாரியில் தூங்குகிற கேடயம் இல்லை, அடுத்த ஊருக்குப் போய் வேலை செய்ய ஒரு வண்டி. பாராட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்!

அப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான், என் சித்தி சித்தப்பாவின் சைக்கிளில் விழுந்து விழுந்து பழகுவதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த லீவில் வந்தபோது, இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது, சித்தப்பா வயலிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மிதித்துவிட்டார். அந்தத் தம்பிக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. சித்தி சைக்கிளை விட்டது முழங்கால் வலி வந்த பிறகுதான். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை, ஆனாலும் பழக்கம் நின்றது. காரணம், அது அவருக்குத் தேவையாக இருந்தது.

எனவே என் கருத்து இதுதான். விருதை அறிவிக்கும்போது பாதிப் பணம் கொடுங்கள். மீதியை மூன்று வருஷம் கழித்து, மறுபடி வந்து பார்த்துக் கொடுங்கள். அது பராமரிப்புக்கும், துப்புரவு செய்பவர்களின் கூலிக்கும் போகட்டும். பார்வையிட வருகிறவர்கள் கட்டடத்தைப் போட்டோ எடுத்தால் போதாது. அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையையும், சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்குக் கணக்கையும் பார்க்கட்டும். வீட்டுப் பெண்களிடம், "தண்ணி வருதா? கதவு சாத்துதா?" என்று கேட்கட்டும்.

இதைப் படிக்கும் நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. பட்டணத்தில் குடியிருந்தாலும் சொந்த ஊரில் ஓட்டு இருந்தால் ஒரு தடவையாவது போய் உட்காருங்கள். "என்ன விருது வாங்கினோம்?" என்று கேட்க வேண்டாம். "வாங்கினதுக்கப்புறம் என்ன செஞ்சோம்?" என்று கேளுங்கள்.

அப்பத்தாவிடம் மருந்தைக் கொடுத்து, "ஆத்தா, முதல்ல வெறகை வெளியே எடுங்க. பேரனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குங்க. அப்புறம்தான் இந்தச் சூரணம் வேலை செய்யும்" என்றேன்.

"தண்ணிக்கு எங்கய்யா போறது?" என்றார்.

அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஊராட்சியிடம்தான் இருக்கிறது.