உணவும் ஆட்டமும் சமைத்த நகரம்

நகரத்தை ஆக்குபவர் யார்? வரைபடம் தீட்டும் பொறியாளரும், மனை விற்கும் செல்வரும், ஆணை பிறப்பிக்கும் மன்றத்தாருமே என்று பலர் கருதுகின்றனர். தெருவோரம் கூடை இறக்கி விற்பவளும், வீதியில் கூடி ஆடுபவனும் நகரத்துக்கு இடையூறு என்பது அக்கருத்தின் மறுபக்கம். இது பொய் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரமே சான்று.

பிரெஞ்சு ஆட்சி 1724இல் அங்கு பிறப்பித்த சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளிடம் வேலை வாங்குவதைத் தடுத்தது. அந்த ஒரு நாளை ஆப்பிரிக்க மக்கள் தமதாக்கிக் கொண்டனர். செனிகாம்பியாவிலிருந்து பிடித்து வரப்பட்ட முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். ஊரின் விளிம்பிலிருந்த திடலில் தாம் விளைவித்ததையும் சமைத்ததையும் விற்றனர். முரசொலிக்கு வட்டமிட்டு ஆடினர். நம் பணியாரத்தை ஒத்த ‘காலா’ என்னும் அரிசிப் பண்டத்தைத் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்கள் அவர்தம் பெண்கள். இவ்வாறு சேர்த்த காசைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கியோரும் உண்டு. 1817இல் நகர மன்றம், அடிமைகள் ஆடுவதற்கு மேயர் குறிக்கும் இடத்தைத் தவிர வேறிடம் கூடாது என்றது. எஞ்சிய அத்திடலே காங்கோ சதுக்கம்.

‘ஆட்டத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?’ என வினவுவோர் இருக்கலாம். ஆட்டத்தை ஒப்புவதும் மறுப்பதும் வேறு. மனிதனையே ஏலமிட்ட ஊரில், அவன் தன் கைகால்களைத் தன் விருப்பப்படி அசைத்த இடம் அதுவென உணர்வது வேறு.

அந்த இடத்துக்கு ஆட்சியாளர் செய்ததென்ன? 1893இல் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி போரிகார்டின் பெயரை அதற்குச் சூட்டினர். கறுப்பின மக்கள் மார்டி கிரா திருநாளில் குடும்பத்தோடு அமர்ந்து உண்டு, ஆடிக் களித்த கிளேபோர்ன் சாலையின் ஓக் மரங்களை 1966இல் வெட்டி வீழ்த்தி, மேலே விரைவுச் சாலை எழுப்பினர். அச்சாலையோரத்துச் ‘சர்க்கிள் ஃபுட்’ மளிகைக் கடை 2005 கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கியது. அது மீண்டும் திறக்க 2014 ஆயிற்று. கார்கள் விரைந்து செல்ல வானிலே வழி கண்டவர்கள், அரிசியும் காய்கறியும் வாங்கத் தரையிலே வழி காணவில்லை!

ஏழைகளின் மருத்துவத்துக்கும் நல்லடக்கத்துக்கும் உதவப் பிறந்த சங்கங்கள், இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியத்தோடு ஊர்வலம் போகின்றன. உணவு விற்போர் பின்தொடர்கின்றனர். 2006இல் காவல் செலவென்று கூறி அதற்கான கட்டணத்தை நகரக் காவல்துறையினர் பெருமளவு உயர்த்தினர். சங்கங்கள் நீதிமன்றம் ஏறிய பின்னரே, 2007இல், குறைத்தனர். அமைதி காக்கும் கடமைக்கு ஏழையிடமே விலை கேட்பது எவ்வகை நீதி?

2011இல் காங்கோ சதுக்கம் என்னும் பெயரை அதே மன்றம் சட்டப்படி மீட்டளித்தது. நன்று. ஆனால், பெயர்ப்பலகை பசியாற்றாது. வெட்டிய மரம் நிழல் தராது. மாண்டவர் ஆடிய இடத்தைப் போற்றிக்கொண்டே, வாழ்பவர் ஆடும் வீதிக்கு விலை வைப்பது போலி மரியாதை. மக்கள் எங்கே உண்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று கேளாமல் தீட்டப்படும் எந்த வரைபடமும் நகரத்தை ஆக்குவதில்லை. இருக்கும் நகரத்தை அழிக்கிறது.