நகரத்தின் வரைபடம் யார் கையில்?

மாமன்ற உறுப்பினர்களுக்கு நகரமைப்பைப் பற்றி என்ன தெரியும், அதை வல்லுநர்களிடமும் அதிகாரிகளிடமும் விட்டுவிடுவதே நல்லது என்று ஒரு வாதம் நம் நகரங்களில் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. ஐதராபாத்தின் வடகோடியிலுள்ள அல்வாலிலும் அதையே கேட்கிறோம். நம் பதில் ஒரு கேள்விதான்: அவர்களுக்குத் தெரியாது என்றால், இத்தனை ஆண்டுகளாக ஏன் கற்றுக்கொடுக்கவில்லை?

அல்வால் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 2007 ஏப்ரலில் அதனுடன் மேலும் 11 நகராட்சிகளும் 8 கிராம ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு, பெருநகர ஐதராபாத் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. நடந்து போய் முறையிடக்கூடிய தூரத்தில் இருந்த மன்றம் மறைந்தது. 625 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி 67 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் 150 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். சராசரியாக 45,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற நிலை அப்போது உருவானது. குப்பை அள்ளப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்ற புகார்களைச் சுமப்பதிலேயே அவரது பதவிக்காலம் கழிந்துவிடுகிறது. நகரம் எப்படி வளர வேண்டும் என்ற கேள்வி அவரிடம் வருவதே இல்லை.

சட்டம் சொல்வது வேறு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. அதன் முதல் இனமே நகரத் திட்டமிடல்; இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டட நிர்மாணத்தையும் ஒழுங்குபடுத்துதல். பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும் அரசமைப்பு கூறுகிறது. நடைமுறையில் திட்டத்தின் கடிவாளம் 2008-இல் அமைக்கப்பட்ட ஐதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில் உள்ளது. அதன் தலைவர் முதலமைச்சர். வாக்களித்த மக்களுக்கும் வரைபடத்துக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் இது.

இந்தச் சுவரின் விலையை அல்வால் மக்கள் இன்று நேரில் காண்கிறார்கள். பாரடைஸ் சந்திப்பிலிருந்து ஷாமீர்பேட்டை வரை ராஜீவ் நெடுஞ்சாலையில் உயர்மட்டச் சாலை அமைக்க 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டம் அல்வாலின் ஊடாகச் செல்கிறது. நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சாலை எவ்வளவு அகலம், யாருடைய கடை போகும், நடந்து செல்பவர் எங்கே கடப்பார், பேருந்து எங்கே நிற்கும், தள்ளுவண்டிக்காரர் எங்கே போவார் என்ற கேள்விகள் எந்த வார்டு சபையில் விவாதிக்கப்பட்டன?

இங்கே அறிவின் வர்க்கத் தன்மை வெளிப்படுகிறது. ஐதராபாத்தில் தளப்பரப்புக் குறியீட்டு வரம்பு 2006-இல் நீக்கப்பட்டது. அதன் பின், ஒரு மனையில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை மனையின் அளவோடு அதன் முன்னுள்ள சாலையின் அகலமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே சாலை அகலமானால், அதன் ஓரத்தில் பெருமனை வைத்திருப்பவரின் நிலமதிப்பும் ஏறும். இதை மனை வணிகர் நன்கு அறிவார். ஒற்றைக் கடையை வாடகைக்கு எடுத்துப் பிழைப்பவர் அறியமாட்டார். அவர் சார்பில் பேச வேண்டிய மாமன்ற உறுப்பினரும் பெரும்பாலும் அறியமாட்டார். அதேபோல், 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரியின் முழுநீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது 2012 கட்டட விதி. அந்த எல்லைக்கோட்டை வரைபடத்தில் காட்டத் தெரியாத உறுப்பினர், அல்வாலின் ஏரிகளை எப்படிக் காப்பார்? வெள்ளம் வந்த பிறகு நிவாரணப் பொட்டலம் வழங்கவே அவரால் முடியும்.

கற்றுக்கொடுக்க இடமில்லையா? இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மண்டல நகர்ப்புற ஆய்வு மையம், ராஜேந்திரநகரிலுள்ள தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் ஆகிய மூன்றும் ஐதராபாத்திலேயே உள்ளன. குறை நிறுவனத்தில் இல்லை, அரசியல் விருப்பத்தில் உள்ளது.

கேரளம் வேறு வழியைக் காட்டியது. 1996-இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. திருச்சூர் அருகிலுள்ள உள்ளாட்சி நிர்வாகப் பயிலகமான கிலா, பிரதிநிதிகளுக்குத் தொடர்ந்து பயிற்சி தந்து வருகிறது. அங்கே பயிற்சியும் நிதியும் அதிகாரமும் சேர்ந்தே வந்தன. தமிழகத்தில் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்ததும், சபைகள் கூடியதும் வரவேற்கத்தக்கவை. எனினும் சென்னையின் முழுமைத் திட்டத்தைத் தயாரிப்பது மாமன்றம் அல்ல, பெருநகர வளர்ச்சிக் குழுமமே.

நம்முள்ளும் ஒரு தவறான கருத்து உண்டு. நகரமைப்புப் பயிற்சி என்பது உலக வங்கியின் சொல்லாட்சி, நமது வேலை போராட்டம் மட்டுமே என்று சில தோழர்கள் கருதுகிறார்கள். அதிகாரம் தராமல் நடத்தப்படும் இரண்டு நாள் ஓட்டல் பயிலரங்கு ஏமாற்றுவேலை என்பது சரி. ஆனால் வரைபடம் வாசிக்கத் தெரியாத போராட்டம், இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் தொடங்கும். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்ட நாட்கள் அதற்குள் கடந்து போயிருக்கும். 2020 மாநகராட்சித் தேர்தலில் இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. மன்றத்தில் நாம் இல்லாதபோது, வார்டுகளில் அறிந்தவர்களாக இருப்பது இருமடங்கு கடமையாகிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் பதவியேற்ற முதலாண்டிலேயே நகரமைப்புப் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். அது தெலுங்கிலும் உருதிலும், தமிழர் வாழும் பகுதிகளில் தமிழிலும், ஏரிக்கரையிலும் சந்தையிலும் நின்று நடத்தப்பட வேண்டும். வார்டின் நிலப் பயன்பாட்டு வரைபடம் வார்டு அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் அங்கம் வகிக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவைக் கலந்தே சாலைத் திட்டங்கள் இறுதிசெய்யப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டமிடும் அதிகாரம் மன்றத்திடம் திரும்ப வேண்டும்.

அரசு தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் வார்டின் வரைபடத்தைப் பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் தெருத்தெருவாக நடந்து சரிபார்க்கட்டும். காகிதத்தில் பூங்காவாக இருப்பது தரையில் என்னவாக இருக்கிறது என்று கண்டறியும் அந்த நடையே நமது முதல் பாடம்.