கணுக்காலுக்கு அடுத்த அடி

அருவிக் குட்டையில் ஒருவன் செத்தால் நம் ஊரில் மூன்றே கேள்விகள்தான். குடிச்சிருந்தானா? செல்ஃபி எடுத்தானா? யார் உள்ளே விட்டது? குட்டை எவ்வளவு ஆழம், அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி ஒரகடத்தில் வேலை பார்க்கும் நாலு பையன்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் மலைக்குப் போனேன். விடியற்காலை நாலு மணிக்கு பைக்கை எடுத்தோம். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா. அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஓடையோடு ஏற வேண்டும். பாறை, குட்டை, அருவி, மறுபடியும் பாறை.

இரண்டாவது குட்டையில் ஒரு தம்பி போய்விட்டான். கணுக்கால் அளவு தண்ணீரில்தான் நின்றிருந்தான். அடுத்த அடி பாசியில் வழுக்கி, ஆள் மூழ்குகிற ஆழம். குடிக்கவில்லை, கையில் போனும் இல்லை. பக்கத்தில் இருந்த வேறொரு குழுவிடம் கயிறு இருந்ததால் மேலே வந்தான். இருமினான், வெட்கப்பட்டுச் சிரித்தான், புளிசாதம் சாப்பிட்டான். திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்குப் போனான்.

அந்த ஷிஃப்டில், யார் தலையிலும் விழாத ஸ்பானருக்குக்கூட ‘நியர் மிஸ்’ அட்டை எழுத வேண்டும். 1931-இல் ஹெய்ன்ரிக் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய விபத்துக்கு 29 சிறு காயங்கள், காயமே இல்லாத 300 சம்பவங்கள் என்று கணக்குச் சொன்னார். அந்த எண்களைப் பிறகு பலர் மறுத்தார்கள். ஆனால் தப்பித்ததை எழுதி வைக்கும் பழக்கம் ஆலைகளில் தங்கிவிட்டது. ஓடையில் நாம் பிணத்தை மட்டும்தான் எண்ணுகிறோம்.

எழுதி வைத்தால் என்ன தெரியும்? எந்தக் குட்டையில், எந்தப் பாறையில் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள் என்று தெரியும். அருவி விழும் இடத்தில் தண்ணீரோடு காற்று கலந்திருப்பதால் நீச்சல்காரனையே அது சரியாகத் தாங்காது. மழை மேலே எங்கோ பெய்யும், வெள்ளம் கீழே வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயதுப் பையனை அடித்துப் போனது அப்படி வந்த வெள்ளம்தான்.

நாம் கற்ற ஒரே வித்தை தடை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு முதலில் கதவைச் சாத்தினோம், பிறகு விதிகள் போட்டோம். 2024 அக்டோபரில் அரசே வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் முன்பதிவு செய்ய, எந்த நாள் லீவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமே! இந்தப் பையன்களுக்கு ஞாயிறு உண்டா இல்லையா என்பது சனிக்கிழமை ராத்திரி வாட்ஸாப்பில்தான் வரும். அவர்கள் எல்லை தாண்டத்தான் செய்வார்கள்.

இதில் என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களின் பேச்சுதான் தாங்க முடியாதது. நாம் போனால் மலையேற்றம், அவர்கள் போனால் கும்பல். பீர் பாட்டில் உடைப்பவனை நானும் திட்டுவேன். அதற்காக, நீச்சல் தெரியாதவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்க நாம் யார்?

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: “நீச்சல் எங்கண்ணா கத்துக்கிறது?” பிள்ளைப்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி என்று சுற்றிலும் தண்ணீர். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும் ஒரே ஒரு குளத்தைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். திறக்கும் நேரம் கேட்டான். அது அவனுடைய ஷிஃப்ட் நேரம்.