கம்பி எண்ணும் கணக்கு

நம்ம டிராயிங் ஹாலில் கிடக்கும் கிராஃப் தாள் ஒன்றை எடுங்கள். கீழே வருடம். பக்கவாட்டில், மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை பேர் சிறையில் என்ற எண்ணிக்கை.

முதல் கோடு அமெரிக்கா. 1970களின் தொடக்கத்தில் லட்சத்துக்குச் சுமார் 160 பேர். 2008ல் 750ஐ ஒட்டி வந்துவிட்டது. நம்ம அண்ணாமலை மாதிரி செங்குத்தான ஏற்றம்! பிறகு இறங்கியும் 500க்குக் கீழே வரவில்லை. அடுத்தது பின்லாந்து. 1950 வாக்கில் 180க்கும் மேல். இன்றைக்கு 50, 60தான்.

அப்படியானால் அமெரிக்காவில் திருடர்கள் பெருகிவிட்டார்கள், பின்லாந்தில் எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள் என்பீர்களா? அதுதான் கிடையாது. கோடு இறங்கிய காலத்தில் பின்லாந்திலும் குற்றங்கள் கூடத்தான் செய்தன. ஆனால் திருட்டுக்குத் தண்டனைக் காலத்தைக் குறைத்தார்கள். பல வழக்குகளில் சிறைக்குப் பதில் அபராதம் போட்டார்கள். அமெரிக்காவிலோ போதைப்பொருள் வழக்கென்றால் நீண்ட சிறை. கலிபோர்னியாவில் 1994ல் மூன்றாம் முறை சிக்கினால் ஆயுள் என்றே சட்டம் வந்தது. ஆக, இந்தக் கோட்டை வரைகிற பென்சில் சட்டசபையின் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவது நம்ம இந்தியா. 2001ல் லட்சத்துக்கு 30 பேர், 2022ல் 40 பேர். "பார்த்தியா, நாம எவ்வளவோ தேவலை" என்று மார்தட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள்! 2022 டிசம்பர் கடைசியில் உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. நூற்றுக்கு 76 பேர் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லாதவர்கள்! உலக அளவில் இது மூன்றில் ஒரு பங்குதான். 2012ல் நம்மிடம் 66 ஆக இருந்தது. பத்து வருடத்தில் இன்னும் ஏறிவிட்டது.

ஏன்? ஜாமீனுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்று ஒரு கொத்தனார். (சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க!) உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. அண்ணன் தம்பி வந்து நின்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். 1978ல் நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார்.

வேறு மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால் வேறு மாநிலத்துக்கு? நம்ம ஜவ்வாதுமலைக்காரரைக் கேளுங்கள். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழகக் கூலித் தொழிலாளர்கள் 287 பேரை உள்ளே தள்ளினார்கள். அதில் நம்ம மாவட்டத்து ஆட்களும் உண்டு. 2016 மார்ச்சில் திருப்பதி கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. அதற்குள் பலருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் சிறையிலேயே போய்விட்டது. மொழி தெரியாது. பிணைக்கு நிற்க ஆந்திராவில் யார் இருக்கிறார்கள்? பெண்டாட்டி பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காசு புரட்டிப் போய்ப் பார்ப்பதே பெரிய பாடு. அந்த இரண்டு வருடத்துக் கூலியை யார் கொடுப்பது?

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, முதல் முறை சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். கொலை மாதிரி பெரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது கிடையாது. ஏழைக் கைதியின் பிணைக்காக 40,000 ரூபாய் வரை கொடுக்க மத்திய அரசுத் திட்டம் 2023லேயே வந்தாயிற்று. மலைக்கிராமத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அண்டை மாநிலச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக இருக்கும் நம்ம மாவட்டத்தவர் எத்தனை பேர், எத்தனை நாளாக என்று அரசு வருடாவருடம் பட்டியல் வெளியிட வேண்டும். இந்த வருடம் நம்ம பேரவை கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் பஸ் பாஸ் கோரிக்கைக்கு அடுத்த வரியாக இதையும் சேர்க்கலாமே!