எவ்வகுப்பிற் கற்பிப்பது?

கலைப்பீடத்தின் இறுதியாண்டை அண்மிக்கும்போது நாமெல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றுண்டு. ஆசிரிய நியமனம் கிடைத்தால் எவ்வகுப்பிற் கற்பிப்பது என்பதே அது. விடையும் பெரும்பாலும் ஒன்றே: நகரத்துப் பாடசாலை, உயர்தர வகுப்பு. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து வந்த நண்பர்களும் இதையே கூறுகின்றனர். 'பட்டம் பெற்றுவிட்டு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதா?' என்பது அவர்தம் எள்ளல். அவ்வெள்ளலை மறுப்பதே என் நோக்கம்.

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1977 முதற்கொண்டே படிப்படியாக அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. இடைப்பட்ட 32 ஆண்டுகளில், ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பல தோட்டங்களின் கல்வியாயிருந்தது. கொழுந்துக் கூடைக்கு அப்பால் அப்பிள்ளைகள் செல்லவேண்டியதில்லை என்ற எண்ணமே அதன் அடிப்படை. இன்று 'சின்ன வகுப்புக்கு யார் போனாலென்ன?' என்று கேட்கும் நாம், அன்றைய துரைமாரின் மதிப்பீட்டையே பட்டதாரியின் வாயாற் கூறுகின்றோம்.

விடிந்ததும் தாய் மலைக்குக் கொழுந்தெடுக்கச் சென்றுவிடுகிறாள். லயத்து அறையிற் பிள்ளைக்கு நூலை வாசித்துக் காட்ட எவருமில்லை. அப்பிள்ளைக்கு எழுத்து பாடசாலையிற் கிடைக்காவிடின் வேறெங்கும் கிடைக்காது. தரம் 5 முடியும்வரை தடையின்றி வாசிக்கப் பழகாத பிள்ளை, பின்னர் வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் எங்ஙனம் கற்கும்? ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடும். உயர்தர வகுப்பாசிரியர் தப்பிவந்தவர்களை மாத்திரமே காண்கிறார். இழக்கப்பட்டவர்களை அவர் சந்திப்பதேயில்லை.

உயர்தர வகுப்புகள், குறிப்பாக விஞ்ஞானப் பிரிவுகள், தோட்டப்புறங்களிற் பெருகவேண்டுமெனச் சிலர் வாதிடுவர். அது நியாயமே. ஆயின் கலைப்பீடத்தினராகிய நாம் அங்கு சென்று பௌதிகவியல் கற்பிக்கப் போவதில்லை. அத்தேவையைக் காட்டி எமது நகர ஆசையை மறைப்பது நேர்மையன்று.

பின்லாந்து 1970களில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாக்கியது. சிறுவருக்குக் கற்பிப்பது ஆழ்ந்த புலமையை வேண்டும் பணியென்று அந்நாடு கொண்டது. இங்கோ பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றிற் பயின்ற ஆசிரியர்களிடம் அச்சுமையை விட்டுவிட்டு, அவர்களைக் கீழானோராகவும் நோக்குகின்றோம். அவர்களின் இடத்தைப் பறிக்க வேண்டுமென்பதல்ல என் கருத்து. அவர்களருகே நிற்கவேண்டும் என்பதே.

எனவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஆரம்ப வகுப்புகளை விரும்பித் தெரியும் பட்டதாரிக்கு, உயர்தர ஆசிரியருக்கு நிகரான பதவியுயர்வும் மதிப்பும் அரசினால் உறுதிசெய்யப்படல் வேண்டும். சிறுவர் மொழிவளர்ச்சியும் வாசிப்புக் கற்பித்தலும் கலைப்பீடத்துப் பாடங்களுள் இடம்பெறல் வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருப்பதும் ஒரு சாக்கே. எனக்குத் தெரிவு கிடைப்பின், பதுளையின் ஒரு தோட்டப் பாடசாலையில், தரம் 1 இன் கரும்பலகை முன் நிற்பேன். நண்பர்களே, நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள்?