எத்தனை பேரில் எத்தனை பேர்?

டாக்டர் படிப்புக்குக் கணக்குப் பாடம் எதற்கு? நாடி பிடிக்கவும் ஊசி போடவும் தெரிந்தால் போதாதா? நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். தோழர்களே, இந்த எண்ணத்தால் நஷ்டம் நமக்குத்தான்!

பஞ்சாலைத் தொழிலாளி இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மருந்துச் சீட்டு கிடைக்கிறது. நூறு பேர் போனால் நூறு சீட்டு. அந்த நூறு பேரில் எத்தனை பேர் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவர்கள் என்று எண்ணுவது யார்?

பஞ்சுத் தூசியால் வரும் மார்பு நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகும். மறுநாள் தணிந்தது போல் இருக்கும். வருஷங்கள் போனால் எல்லா நாளும் இறுக்கம்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளரை 1950-களில் ஷில்லிங் என்ற டாக்டர் வரிசையாக விசாரித்து, எண்ணி, இந்த நோயின் படிகளை வகுத்தார். நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஆனால், "எந்த நாளில் மார்பு இறுகுகிறது?" என்று கேட்காத டாக்டருக்கு இது வெறும் ஆஸ்துமா, அல்லது பீடியின் குற்றம்!

எண்ணுவதிலும் ஏமாற்றம் உண்டு. இன்று மஸ்டரில் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஆலையில் எல்லோரும் சுகம் என்றே தெரியும். மூச்சு முட்டி வேலையை விட்டுக் கிராமத்துக்குப் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். "விட்டுப்போனவர்கள் எங்கே?" என்று கேட்கக் கற்றுத் தருவதே புள்ளியியல்.

சரியான கணக்கு ஏழைக்கு என்ன செய்யும் என்பதைச் சென்னை காட்டியது. க்ஷயரோகிக்கு சானடோரியம்தான் கதி என்று இருந்த காலம். படுக்கைகளோ கொஞ்சம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு சானடோரியம். மறு பகுதிக்குத் தங்கள் வீடு. இருவருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். குலுக்கல் எதற்கு? டாக்டர் தம் இஷ்டப்படி பிரித்தால் முற்றியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள், கணக்குக் கெட்டுவிடும்.

1959-ல் முடிவு வெளிவந்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் மருந்து ஏறக்குறைய அதே பலனைத் தந்தது! குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. வீட்டிலிருந்தே வைத்தியம் என்பது பல நாடுகளுக்கும் வழியாயிற்று.

2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், ஆராய்ச்சிக்கான கேள்வியை வகுப்பதும் அடிப்படைப் புள்ளியியலும் சமுதாய மருத்துவத்தின் பகுதியாக உள்ளன. நல்லதே. ஆனால் சூத்திரத்தை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதி மறந்தால் யாருக்கு லாபம்? கோவையில் ஆலைகள் இருக்கின்றன, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே 2016 முதல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மாணவர்களை ஆலை லைன் வீடுகளுக்கு அனுப்புங்கள்! தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளியிடம் அனுப்புங்கள்! எத்தனை பேர் மருந்து அடித்தார்கள், எத்தனை நாள், அவர்களில் எத்தனை பேருக்கு வாந்தி, தலைசுற்றல் என்று எண்ணட்டும். மருந்து அடிக்காதவர்களையும் எண்ணி ஒப்பிடட்டும்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. கேட்க வரும் மாணவருக்கு மறைக்காமல் பதில் சொல்வோம். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: சொன்னவர் பெயர் நிர்வாகத்தின் காதுக்குப் போகக் கூடாது, முடிவை நமக்குத் தமிழில் வந்து சொல்ல வேண்டும்.

"உங்கள் ஆலையில் நோயே இல்லை" என்று இனி யார் சொன்னாலும், தோழர்களே, திருப்பிக் கேளுங்கள்: எத்தனை பேரை எண்ணினீர்கள்? யாரை விட்டுவிட்டீர்கள்?